ஆலகாலத்துக்கு ஏழு ஸ்டேஜ்

ஊத்துக்கோட்டையில் வீடு தேடி வந்து குடிதண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி ஒருவர் உண்டு. டை கட்டியிருப்பார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, "வணக்கம் மேடம், ஃப்ரீ வாட்டர் டெஸ்டிங்" என்பார். பேரூராட்சியிலிருந்து வந்தவரில்லை, குடிநீர் வாரியத்து ஆளும் இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சத்தியமாக இல்லை. மிஷின் விற்க வந்தவர். ஆனாலும் அவரை அதிகாரி என்றுதான் சொல்வேன். என் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று என் வாசல்படி ஏறி வந்து சொன்ன ஒரே மனிதர் அவர்தான். சொன்னது பொய் என்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் அவர் நடத்திய சோதனையைக் கிட்ட நின்று பார்த்தேன். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் பையிலிருந்து எடுத்த அவருடைய தண்ணீர். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பிறகு ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தார். அதிலிருந்து நான்கு கம்பிகள் தொங்கின, டம்ளருக்கு இரண்டு. பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளானது, அப்புறம் காவி, அப்புறம் மேலே பச்சையும் கறுப்புமாக நுரை திரண்டு மழைக்கால வாய்க்கால் கணக்காய் ஆகிவிட்டது. அவருடைய தண்ணீர் அசையவே இல்லை.

"பாத்தீங்களா ஆயா, இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிட்டிருந்தீங்க."

"இன்னா தம்பி சொல்ற? இந்தக் கருமத்தையா இத்தினி வருசமா குடிச்சேன்? அப்ப நான் எப்டி இன்னும் உசுரோட கீறேன்?"

அந்தக் கேள்விக்கு அவருடைய டப்பாவில் கம்பி இல்லை.

மர்மம் ஒன்றும் பெரிதில்லை. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பியே கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். நாம் பார்த்த காவி நிறம் அவர் பையில் கொண்டுவந்த இரும்பு. உப்பை எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது, தண்ணீர் பத்தினியாகவே இருக்கும். அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். அடுத்த தெருவுக்கு அவசர வேலை இருப்பது அவருக்கு ஞாபகம் வரும்.

கம்பி ஓய்ந்ததும் பேனா வரும். டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் முக்கினால் ஓர் எண் காட்டும். பாவம், அது அளப்பதும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைத்தான். சுண்ணாம்பு, மக்னீசியம், சாதாரண உப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று உத்தேசமாகச் சொல்லும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500. அந்த வரம்பைப் போலப் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் 0.1 மில்லிகிராம்தான். முழு எண்களில் காட்டும் பேனாவில் ஓர் இலக்கம்கூட மாறாது. வயிற்றுப்போக்குக் கிருமி கோடிக்கணக்கில் நீந்தினாலும் அதற்குத் தெரியாது. ஆனால் அதே பேனாவை இளநீரில் முக்குங்கள், ஆயிரக்கணக்கில் எகிறும். பேனாவின் தீர்ப்புப்படி இளநீர் விஷம், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் அமிர்தம்.

கரைந்த உப்பு 500 வரை இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே தர நிர்ணயம்தான். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. மிஷினையே தடை செய்யுங்கள், மற்ற இடங்களிலும் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிநீராக வெளியே வர வேண்டும் என்று சொன்னது. டை கட்டியவரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் டெல்லிக்கு சார்" என்றார்.

மிஷினைப் பார்ப்போம். ஏழு ஸ்டேஜ். முதலில் மண்ணைப் பிடிக்கும் பஞ்சு. அப்புறம் குளோரின் வாடையையும் பூச்சிமருந்து மாதிரியான சமாச்சாரங்களையும் இழுத்துக்கொள்ளும் கரி. அப்புறம் மெம்பரேன், உண்மையான வேலைக்காரன் அவன்தான். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஈயம் எல்லாவற்றையும் பெருமளவு தடுத்துவிடுவான். அதற்கு மேல் கிருமியைக் கொல்ல யு.வி. விளக்கு. மீதி ஸ்டேஜெல்லாம் செம்பு, ஆல்கலைன், மினரல் என்று தாம்பூலப் பையில் போடுகிற சாமான்கள். இவற்றுக்கு நடுவில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகாணி இருக்கிறது. மெம்பரேன் உப்பை முழுக்க எடுத்துவிட்டால் தண்ணீர் சப்பென்று ஆகிவிடுமாம். அதனால் மெம்பரேனைத் தொடாமல் சுற்றுவழியில் வந்த பச்சைத் தண்ணீரில் கொஞ்சத்தை இந்தத் திருகாணி வழியாகத் திரும்பக் கலக்கிவிடுவார்கள். காசு கொடுத்து வெளியேற்றியவனைக் கொல்லைப்புறமாக அழைத்து உட்கார வைக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக நம் அரசியலில் பயிற்சி பெற்றிருப்பார். பச்சைத் தண்ணீரில் ஈயம் இருந்தால் அதுவும் கலந்துதானே வரும் என்று கேட்டால் "அது மினரல் சார்" என்கிறார்கள்.

ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும், பெரும்பாலான வீட்டு மிஷின்களில் இதுதான் கணக்கு. குழாயில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடத்தை வரிசை வைக்கிற ஊரில், வந்த தண்ணீரில் முக்கால் பங்கை ஒரு சின்ன வெள்ளைக் குழாய் வழியாகக் கழிவுத் தொட்டிக்கு அனுப்புகிறோம். மெம்பரேன் தடுத்த நஞ்சு எங்கே போகிறது? அதே வெள்ளைக் குழாய் வழியாக, இன்னும் திக்காகி, நம் தெரு மண்ணுக்குள்ளே. நாளைக்கு அடுத்தவர் போர்வெல் போடும்போது அது அவருக்குக் கிடைக்கும். அவருக்கும் மிஷின் விற்கலாம்.

மிஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கைக்குழந்தை நீலம் பாரித்துப் போகும். அந்த வீட்டில் கொதிக்க வைத்துக் கொடுப்பது உதவாது, தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட் கூடத்தான் செய்யும். அங்கே மெம்பரேன் வேண்டும். ஃபுளோரைடும் அப்படித்தான். கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் அடுப்பும் பாத்திரமும் போதும். இரும்புச் சத்தில் தண்ணீர் சிவந்து வந்தால் காற்றுப்பட ஊற்றி மணலில் வடித்தாலே பெரும்பகுதி தங்கிவிடும். வெறும் சுண்ணாம்பு கூடுதல் என்றால் குக்கர் வெள்ளை பூக்கும், பருப்பு லேசில் வேகாது, மனிதனுக்குப் பெரிய கேடில்லை. ஆக, எந்த ஃபில்டர் என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நோய் என்னவென்று தெரியாமலே மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் இன்று ஊர் முழுக்க ஃபில்டர் என்ற பெயரில் சுவரில் தொங்குகிறது.

தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்றால், வழிக்கு என்ன குறைச்சல்! குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். கூடவே கிராமத்துக்குக் கிராமம் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி, கையில் ஒரு சோதனைப் பெட்டி என்றும் திட்டம். நல்ல திட்டம், கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டியைப் பார்க்கக் கேட்டபோது, பீரோ சாவி எழுத்தரிடம் இருக்கிறது, எழுத்தர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். தண்ணீரைச் சோதிக்கிற பெட்டியைச் சோதிக்க இன்னொரு பெட்டி வேண்டும் போலிருக்கிறது.

மேல்நிலைத் தொட்டிச் சுவரைப் படித்திருக்கிறீர்களா? எந்த நிதி, எத்தனை லட்சம், திறந்து வைத்தவர் யார், முன்னிலை யார் யார் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு எழுதியிருக்கும். கீழே, "தொட்டி சுத்தம் செய்த நாள்", "அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள்". ஒரே பெயிண்ட், ஒரே கை, ஒரே மூச்சில் எழுதியது. உள்ளே இருக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது.

பட்டணத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறதா என்ன? 2019 நவம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், தர நிர்ணய அமைப்பு பல நகரங்களில் எடுத்த குழாய்த் தண்ணீர் சோதனை முடிவை வெளியிட்டார். மும்பையின் பத்து மாதிரியும் பாஸ். சென்னையின் பத்து மாதிரியும் ஃபெயில். பள்ளிக்கூடத்தில் இப்படி நடந்தால் தலைமையாசிரியரை மாற்றுவார்கள். இங்கே மாறியது, வீட்டுக்கு வீடு ஃபில்டரின் மாடல்.

அந்தச் சென்னைக்குத் தண்ணீர் எங்கள் வழியாகத்தான் போகிறது. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் தாமரைக்குப்பம், அங்கே ஜீரோ பாயிண்ட். 1983 ஏப்ரல் 18 அன்று எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் இங்கே ஆந்திர எல்லையைத் தாண்டி வர வேண்டும். முதல் தண்ணீர் வந்து சேர 1996 ஆனது. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடி வந்து எங்களைத் தொட்டுவிட்டு, இன்னும் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டிக்குப் போய்விடும். தண்ணீர் வரும் நாளில் பார்க்க வேண்டும் நீங்கள். ஷாமியானா, மாலை, தேங்காய், வெள்ளைச் சட்டை வரிசை. மலர் தூவி வரவேற்பார்கள். வினாடிக்கு எத்தனை கன அடி என்று சரியாக அளந்து சொல்வார்கள். அளவை அளக்கத் தெரிந்த அரசுக்குத் தரத்தை அளக்கத் தெரியாதா? தெரியும். அளந்து கோப்பில் வைத்திருக்கும். ரோஜா இதழ் எத்தனை கிலோ என்பதும் அதே கோப்பில்தான் இருக்கும், இரண்டையும் நமக்குக் காட்ட மாட்டார்கள்.

திருவள்ளூர் மாவட்டம் சென்னைக்குத் தண்ணீர் கொடுத்த கதை இந்தக் கிருஷ்ணா கால்வாயோடு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இழுத்தார்கள். 1960-களின் கடைசியிலேயே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. நிறுத்தினார்களா? விவசாயிகளின் போர்வெல் தண்ணீரை விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றினார்கள். கடல் எங்கள் கிணற்றுக்குள் வந்த பிறகு, 2010-ல் அதே மீஞ்சூர்ப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்து அந்தத் தண்ணீரையும் சென்னைக்கு அனுப்பினார்கள். கிணற்றில் உப்பு எங்களுக்கு, கடலில் எடுத்த நல்ல தண்ணீர் அவர்களுக்கு. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளைச் சேர்த்துக் கட்டிய நீர்த்தேக்கத்தை 2020 நவம்பரில் அமித் ஷா திறந்து வைத்தார். அதுவும் சென்னைக்குத்தான். தேர்வாய்க்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? சிப்காட். மேய்க்கால் நிலத்தையும் காட்டையும் எடுக்காதே என்று அந்த ஊர் சனம் எவ்வளவோ போராடிப் பார்த்தது.

ஜீரோ பாயிண்ட் ஒன்று இருக்கும் பகுதியில் ஜீரோ டிஸ்சார்ஜும் இருப்பது பொருத்தம்தான். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விட மாட்டோம் என்று தொழிற்சாலைகள் எழுதிக் கொடுக்கிற சத்தியத்துக்கு அந்தப் பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகள், பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள் எல்லாம் உண்டு. மாநிலத்தின் பல இடங்களிலிருந்து அபாயகரக் கழிவு வந்து புதையுண்ணும் நிலமும் அங்கேதான். புதைத்த இடத்தில் பிளாஸ்டிக் விரித்திருக்கிறார்கள், கவலை வேண்டாம் என்பார்கள். இருக்கட்டும். சுற்றியுள்ள ஊர்களின் கிணற்றில் ஈயமும் குரோமியமும் இந்த மாதம் எவ்வளவு என்று ஊர்ச் சாவடியில் எழுதிப் போட்டால் கவலையே வராதே. எழுதிப் போட மாட்டேன் என்கிறார்களே, அதில்தான் வருகிறது.

ஜீரோ டிஸ்சார்ஜின் மகிமை தெரியாதவர்கள் நொய்யல் கரைக்குப் போய்க் கேட்கலாம். 1992-ல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு வந்து நிறைந்தது. அணையைத் திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போன அதிசயம் உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள் வரைக்கும் அதிகாரிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போய்க்கொண்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டும் சம்பளம் வாங்கிக்கொண்டும்தான் இருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அரசாங்கம் நமக்குக் குடிதண்ணீரே தரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். தந்தது. பாட்டிலில். 2013 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, லிட்டர் 10 ரூபாய்க்கு அம்மா குடிநீர் பேருந்து நிலையங்களில் விற்பனைக்கு வந்தது. ஆலை எங்கே என்று நினைக்கிறீர்கள்? கும்மிடிப்பூண்டியில். எந்தப் பக்கத்து சனம் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்கப் பயப்படுகிறதோ, அதே பக்கத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்து, படம் ஒட்டி, மூடி போட்டு விற்றார்கள். ஒரு லிட்டரைச் சுத்தம் செய்ய அரசுக்குத் தெரிந்திருக்கிறது, அதைக் குழாயில் விட மட்டும் கை வரவில்லை. குழாயில் விட்டால் யாருடைய படத்தை ஒட்டுவது?

தனியார் கேன் கதை தெரிந்ததுதான். 2020 தொடக்கத்தில், அனுமதியில்லாமல் நிலத்தடி நீரை உறிஞ்சும் கேன் கம்பெனிகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கம்பெனிகள் ஸ்டிரைக் செய்தன. சனம் தவித்துப் போனது. எதிர்ப்பார் யாரும் இல்லை என்பதால் சொல்கிறேன்: இந்த மாநிலத்தில் அரசு ஸ்டிரைக் செய்தால் தெரிவதற்கு ஒரு மாதம் ஆகும், கேன்காரர் ஸ்டிரைக் செய்தால் சாயங்காலமே தெரிந்துவிடும்.

எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், ஆந்திர எல்லைக்குள், சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தைக் குடித்த சிவபெருமான் மயக்கம் தாங்காமல் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்ட கோயில். லிங்கமாக நிற்கிறவர் இங்கே மட்டும் மல்லாந்து கிடக்கிறார். பிரதோஷத்துக்குக் கூட்டம் தாங்காது. ஒரு தடவை குடித்ததற்கே கடவுள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தினம் எட்டு டம்ளர் குடியுங்கள், சிறுநீரகத்துக்கு நல்லது என்று நமக்கு டாக்டர் சொல்கிறார்.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற ஊர். காசை மிச்சம் பிடிக்க 2014 ஏப்ரலில் ஊரின் குடிநீரை ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரித்து ஈயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீரில் எங்கள் எஞ்சின் பாகம் அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பிறகும் ஒரு வருடம் குடித்தார்கள். அங்கேயும் அதிகாரிகள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனால் குட்டு வெளிப்பட்ட பிறகு வீட்டுக்கு வீடு ஃபில்டரை அரசே இலவசமாகக் கொடுத்தது, தெருவைத் தோண்டிக் குழாயை மாற்றியது. நமக்கு ஃபில்டர் மாதத் தவணையில் கிடைக்கிறது. தெருவைத் தோண்டுவதில் மட்டும் நாம் யாருக்கும் குறைந்தவர்களில்லை.

கிருஷ்ணா நீர் எல்லையைத் தாண்டிய அதே 1996-ல், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அதில்தான் உறுதியானது. நம் ஊர் ஆறு செத்து வாங்கிக் கொடுத்த சட்டம், நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அதை நம்பி நானும் ஒரு பில் தயார் செய்திருக்கிறேன். மிஷின் விலை, வரி, ஆண்டுதோறும் சர்வீஸ் ஒப்பந்தம், மெம்பரேன் மாற்றிய கூலி, கரண்ட், மிஷின் ரிப்பேரான நாட்களில் வாங்கிய கேன், சாக்கடைக்குப் போன முக்கால் பங்குத் தண்ணீர், ஆயாவின் மூட்டு வலி மாத்திரை (இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று சோதித்தால்தானே தெரியும், அதுவரை சேர்த்தே வைத்திருக்கிறேன்). கூட்டி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்தாயிற்று. பெறுநர் முகவரி மட்டும் காலி. தண்ணீரில் என்ன கலந்தது, கலந்தவர் யார் என்று சோதனைக்கூடம் சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன்.